எது பெரிய வேட்டை? குடியாத்தத்துத் தம்பியின் கேள்விக்குப் பதில்

வணக்கம். குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டு அனுப்பியிருக்கிறார், படிக்கிறேன். "ஐயா, சின்ன வயசுல ஜவ்வாது மலை, அமிர்தி பக்கம் வேட்டைக்குப் போனதையும் சொல்றீங்க, அமெரிக்கா, ஆப்பிரிக்கா போய் வேட்டையாடினதையும் சொல்றீங்க. இதுல எது பெரிய வேட்டை? இன்னொரு சந்தேகம், எங்க நிலத்துல காட்டுப்பன்றித் தொல்லை தாங்க முடியல. அதைச் சுடலாமா? ஏர்கன் வச்சு காடை, முயலாவது அடிக்கலாமா?"

முதல் கேள்விக்கு யோசிக்கவே வேண்டாம் தம்பி, நம்ம ஊர் வேட்டைதான் பெரிசு. மிருகத்தின் அளவையோ கொம்பின் நீளத்தையோ வைத்துச் சொல்லவில்லை. காட்டை நாமே படித்து, நாமே தேடிக் கண்டுபிடித்தது இங்கேதான். வெளிநாட்டில் அந்த வேலையை எனக்காக வேறு ஒருவர் செய்து வைத்திருந்தார், நான் காசு கொடுத்துவிட்டு விசையை மட்டும் இழுத்தேன்.

இங்கே எப்படி என்றால், அப்பாவோடு போகும்போது எங்களுக்கு வழிகாட்டி ஒரு இருளர் பெரியவர். அவர் கையில் ஒரு தடி, இடுப்பில் கொஞ்சம் சாம்பல் கட்டிய துணி, அவ்வளவுதான். சாம்பலைச் சிட்டிகை எடுத்து விட்டுக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். மலைச்சரிவில் வெயில் ஏற ஏறக் காற்று மேலே ஏறும், சாயங்காலம் சரிவு குளிர்ந்ததும் கீழே இறங்கும். அதனால் காலையில் மானுக்கு மேலே இருந்து இறங்கி வர வேண்டும், சாயங்காலம் கீழே இருந்து ஏற வேண்டும், மாற்றிச் செய்தால் நம்ம வாடை நமக்கு முன்னால் போய் மானுக்குச் செய்தி சொல்லிவிடும். இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித்தரவில்லை. தடம் பார்ப்பதும் அவரிடம்தான் கற்றேன். மான் குளம்பு கூராக, ஒடுங்கிப் பதியும். பன்றித் தடம் அகலம், ஈர மண்ணாக இருந்தால் பின்னால் இரண்டு சின்னக் குளம்பும் அகட்டிப் பதிந்திருக்கும். தடத்தின் ஓரம் வெட்டினது போல இருந்தால் இப்போது போனது. ஓரம் உதிர்ந்து, அதன் மேலேயே பூச்சி ஊர்ந்த கோடு ஒன்று குறுக்கே போயிருந்தால் அது ராத்திரியே போய்விட்டது, அதன் பின்னால் நடப்பதில் பிரயோஜனம் இல்லை. நெல்லிக்காய் உதிரும் காலத்தில் எந்த மரத்தடிக்குப் புள்ளிமான் வரும், எந்தச் சுனையில் சித்திரையிலும் தண்ணீர் நிற்கும், எல்லாம் அவருக்குத் தெரியும். பாதி நாள் வெறும் கையோடுதான் திரும்புவோம், ஆனால் அன்றைக்கும் காட்டைப் பற்றி ஏதோ ஒன்று கூடுதலாகத் தெரிந்துகொண்டுதான் இறங்குவோம்.

மலை மட்டும் இல்லை, ஏரியும் உண்டு. காவேரிப்பாக்கம் ஏரி, பல்லவர் காலத்து ஏரி, அதன் பாசன நிலத்தில் பனிக்காலத்தில் உள்ளான் வந்து இறங்கும். வடக்கிலிருந்து வலசை வருகிற பறவை. அறுத்த வயலில் சேறும் தாளுமாக இருக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தால் நம்ம கண்ணுக்குத் தெரியவே தெரியாது, கால் பக்கத்தில் வந்ததும் சட்டென்று எழும்பி, கோணல்மாணலாகப் பறக்கும். அதற்குச் சின்ன ரவை உள்ள எட்டாம் நம்பர் தோட்டா, மான், பன்றிக்குப் பெரிய குண்டு உள்ள எல்.ஜி., எஸ்.ஜி. தோட்டா. அப்பாவிடம் இருந்தது பன்னிரண்டு போர் டபுள் பேரல், அதாவது இரட்டைக் குழல் துப்பாக்கி, லைசென்ஸ் உள்ளது. மலைமேல் இருந்தவர்கள் பலரிடம் கரிமருந்து இடித்து அடைக்கிற நாட்டுத் துப்பாக்கிதான்.

முயலுக்கு நாய் வேண்டும். பொங்கல் முடிந்து பாரிவேட்டை என்று ஊரே திரண்டு கிளம்பும்போது ஆளை விட நாய்தான் அதிகம் இருக்கும். நம்ம பழைய வடஆற்காட்டில் எடுத்தனூர் என்று ஒரு ஊர், தண்டராம்பட்டுப் பக்கம், அங்கே மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது, கோவிவன் என்று நாயின் பெயரையும் எழுதி, அது கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நாய்க்கு அவ்வளவு மரியாதை கொடுத்த மண் இது. வள்ளிமலையும் இங்கேதான், முருகன் வேடனாக வந்து தினைப்புனத்தில் நின்றதாகச் சொல்கிற மலை. வேட்டை இந்த ஊருக்கு எங்கிருந்தோ வந்த பொழுதுபோக்கு இல்லை.

சட்டத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், நிறையப் பேர் தப்பாக நினைக்கிறார்கள். 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் ஒரே நாளில் எல்லா வேட்டையும் நின்றுவிடவில்லை. முதல் அட்டவணை, அதாவது மிக அதிகப் பாதுகாப்புக் கொடுத்த பட்டியல், அதில் உள்ள மிருகங்களுக்கு முழுத் தடை, மற்ற சிலவற்றுக்கு லைசென்ஸ் வாங்கி வேட்டையாடும் வழி சட்டத்திலேயே இருந்தது. 1991ல் வந்த திருத்தம்தான் அந்த வழியையும் மூடியது. நான் அதற்கு முன்பே இங்கே வேட்டையை நிறுத்திவிட்டேன், காரணம் சட்டம் மட்டும் இல்லை. பாலாறு வறண்டு, தோல் கழிவு கலந்து, கரையோரப் புதரெல்லாம் போய், காடை, கவுதாரி சத்தம் கேட்ட கரம்பெல்லாம் மனைக்கட்டாக மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகு துப்பாக்கி தூக்க மனசு வரவில்லை. தடை வந்தது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் எங்களுக்குப் போனது ஒரு பிரியமான பழக்கம், நரிக்குறவர்களுக்குப் போனது சோறு. கண்ணி வைத்துக் காடை பிடிப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை, அந்தத் தொழிலை நிறுத்தச் சொன்ன நாம் மாற்றாக ஒன்றும் கொடுக்கவில்லை, ஊசிமணி பாசிமணி விற்றுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்ப்பதற்கு 2023 வரை ஆனது. இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். மகன் டெக்சாஸில் இருக்கிறான், அவனைப் பார்க்கப் போனபோது ஹில் கன்ட்ரி என்கிற பகுதியில் ஒரு பண்ணைக்குக் கூட்டிப் போனான். அங்கே என்ன மிருகம் என்று நினைக்கிறீர்கள்? நம்ம புள்ளிமான். ஆக்சிஸ் டீர் என்பார்கள், 1932ல் கொண்டு போய் விட்டது, பெருகி வேலி தாண்டிக் காடெல்லாம் பரவிவிட்டது. வெளியிலிருந்து வந்த மிருகம் என்பதால் அந்த மாநிலத்தில் அதற்கு வேட்டைப் பருவமே கிடையாது, எண்ணிக்கை வரம்பும் கிடையாது, நிலத்துக்காரர் அனுமதியும் வேட்டை லைசென்ஸும் இருந்தால் வருஷம் முழுக்கச் சுடலாம். வெளிமானும், நீல்காய் என்கிற நம்ம நாட்டுப் பெரிய மானும்கூட அங்கே அப்படித்தான். அங்கே வேட்டைக்குப் போகிறவர் லைசென்ஸோடு வேட்டைப் பாடம் படித்த சான்றும் வைத்திருக்க வேண்டும், 1971 செப்டம்பர் 2க்கு முன் பிறந்தவர்களுக்கு விலக்கு. நான் அதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் பிறந்தவன், அதனால் பாடம் படிக்காமலே போக முடிந்தது. டூரிஸ்ட் விசாவில் போகிறவர் சாதாரணமாகத் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கவே கூடாது, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால்தான் விதிவிலக்கு. போகிறவர்கள் இதை மறந்துவிடாதீர்கள்.

வேட்டை எப்படி நடந்தது தெரியுமா? பலகையில் அடித்த ஒரு சின்ன அறை, உள்ளே நாற்காலி, எதிரே சோளம் இறைக்கிற இயந்திரம், அதற்கு டைமர். நேரம் வந்ததும் அது தானாகச் சுழன்று சோளத்தை வீசுகிறது, அந்தச் சத்தம் கேட்டு மான் நடந்து வருகிறது. எந்த மான், எத்தனை அங்குலக் கொம்பு, அதற்கு என்ன விலை என்று வழிகாட்டி காதில் சொல்கிறார். நானும் சுட்டேன், ஒளிக்கவில்லை. கறி அருமையான கறி, கொழுப்பே இல்லாமல் இருந்தது, மருமகள் மிளகு போட்டு வறுத்தாள். ஆனால் சுட்டதும் மற்ற மான்கள் கத்தின பாருங்கள், கூர்மையாக ஒரு குரல், அது அமிர்திக் காட்டில் சிறுத்தையைப் பார்த்ததும் கத்துகிற அதே குரல். எத்தனை தலைமுறையாகச் சிறுத்தையைப் பார்க்காத மான் அது, நம்ம மலையில் கத்துவது போலவே கத்தியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மானுக்கு அந்த ஊர் இன்னும் சொந்தமாகவில்லை, எனக்கும் ஆகவில்லை.

ஆப்பிரிக்காவில் நமீபியா போனது வேறு மாதிரி, அது எனக்குப் பிடித்தது. அங்கே 1996ல் சட்டம் திருத்தி, ஊர் மக்கள் சேர்ந்து தங்கள் பகுதியின் வனவிலங்கை நிர்வகிக்கவும் அதில் வரும் வருமானத்தை எடுத்துக்கொள்ளவும் வழி செய்தார்கள். எங்களோடு வந்த தடம் பார்ப்பவர் மணலில் குனிந்து, ஒரு குளம்படியின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவர் மொழி எனக்குத் தெரியாது, ஆனால் அவர் என்ன சொன்னார் என்று தெரிந்தது, பழைய தடம், வேண்டாம் என்றார். நம்ம இருளர் பெரியவரைப் பார்த்த மாதிரியே இருந்தது. அன்று ஒன்றும் கிடைக்கவில்லை, மறுநாள் கெம்ஸ்பாக் என்கிற நீளக் கொம்பு மான் ஒன்று கிடைத்தது, கறியில் பெரும்பங்கு ஊருக்குப் போனது. வெளிநாட்டில் வேட்டை என்று நான் மதிப்பது அந்த ஒன்றைத்தான். அங்கேயும் காட்டைப் படித்தது அவர்தான், நான் அவர் பின்னால் நடந்தேன்.

இப்போது தம்பியின் இரண்டாவது கேள்வி. ஏர்கன் வைத்தும் கூடாது. சட்டத்தில் வேட்டை என்றால் சுடுவது மட்டும் இல்லை, கண்ணி வைப்பது, விரட்டுவது, பறவை முட்டை எடுப்பது, இதற்கெல்லாம் முயற்சி செய்வதுகூட வேட்டைதான். காடை, முயல் எல்லாமே இதில் அடக்கம். 2022 திருத்தத்தில் அபராதத்தையும் ஏற்றிவிட்டார்கள், மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், முதல் அட்டவணை மிருகமாக இருந்தால் குறைந்தது மூன்று வருஷம்.

பன்றித் தொல்லைக்கு மின்கம்பி மட்டும் போடாதீர்கள், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். ராத்திரி தண்ணீர் கட்டப் போன மனுஷன் அதில் செத்த கதை நம்ம பக்கத்திலேயே இருக்கிறது. கடித்தால் வெடிக்கிற அவுட்டுக்காயும் வேண்டாம், பேரணாம்பட்டுப் பக்கம் ஆந்திராவின் கவுண்டின்யா காட்டிலிருந்து யானை வந்து போகிறது, பன்றிக்கு வைத்ததை யானை கடித்தால் வாய் சிதறி, தின்ன முடியாமல் பட்டினி கிடந்து சாகும். 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு நடைமுறை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடிப்பார்கள், 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்களே சுடுவார்கள். நாமாகச் சுடுவதற்கு இதில் இடம் இல்லை. அதனால் உங்கள் நிலம் காட்டிலிருந்து எத்தனை தூரம் என்று முதலில் பாருங்கள். சேதமான பயிரைப் போட்டோ எடுத்து, சர்வே நம்பர் போட்டு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள், ஊராட்சித் தலைவரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், மனு வாங்கினதற்கு ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கேட்பதற்கும் அதே அலுவலகம்தான்.