எண்ணியதால்தானே காணோம் என்று தெரிந்தது!

நடுவர் ஐயாவுக்கும் சபையாருக்கும் ஸ்தோத்திரம். மணி அடிக்கிற அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"சபையைக் கட்டி எழுப்புவது மேய்ப்பரின் மனமா, மேலாண்மைத் திறனா?" இதுதான் தலைப்பு. நான் மேலாண்மையின் பக்கம். எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒரு வரி சொன்னார், பந்தலே அதிர்ந்தது. "நூறு ஆட்டில் ஒன்று தொலைந்தால் மேய்ப்பன் காட்டுக்கு ஓடுவான், மேனேஜரோ ஒரு சதவீதம் நஷ்டம் என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார்!" அருமையான வரி. எல்லாரும் கைதட்டினீர்கள். இப்போது நான் தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்.

தம்பி, ஓர் ஆட்டைக் காணோம் என்று அந்த மேய்ப்பனுக்கு எப்படித் தெரிந்தது?

ஆடு வந்து சொல்லிவிட்டுப் போனதா? மந்தையைப் பார்த்தால் மந்தையாகத்தான் இருக்கும். தொண்ணூற்றொன்பதும் நூறும் தூரத்தில் நின்று பார்ப்பவனுக்கு ஒன்றுதான். அவன் எண்ணினான் ஐயா! பொழுது சாய்ந்து, கால் ஓய்ந்து, வயிறு பசிக்கிற நேரத்தில், பட்டி வாசலில் நின்று ஒவ்வொன்றாக எண்ணினான். தொண்ணூற்றொன்பதில் எண்ணிக்கை நின்றது. அப்புறம்தான் காட்டுக்கு ஓடினான். ஓட வைத்தது அன்பு, அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் எண்ணாமல் படுத்திருந்தால் அந்த அன்பு விடிய விடியக் குறட்டை விட்டிருக்கும்!

லூக்கா 15ஆம் அதிகாரத்தில் அடுத்த உவமையையும் படியுங்கள். பத்து வெள்ளிக்காசு வைத்திருந்த பெண் ஒன்று குறைந்ததும் விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்கித் தேடுகிறாள். அவளும் எண்ணி வைத்தவள். அதற்கு முந்தின 14ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று அங்கே ஒருவர் கேட்கிறார். கேட்டது எந்தக் கம்பெனி மேனேஜரும் இல்லை தம்பி, நம் ஆண்டவர்.

சரி, தம்பி இன்னொன்றும் சொன்னார். மேலாண்மை உள்ளே வந்தால் கமிட்டிக்குக் காணிக்கைப் பெட்டி மட்டும்தான் கண்ணில் படுமாம். இதற்கு ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும். நடந்த கதை.

1742ஆம் வருஷம். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய போதகர் ஜான் வெஸ்லியின் மக்கள் கட்டிய கூட்ட மண்டபத்தின் மேல் கடன் நிற்கிறது. கடனை எப்படி அடைப்பது என்று கூடிப் பேசுகிறார்கள். நம் ஊர்க் கமிட்டி மாதிரியே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எழுந்து, "கடன் தீரும்வரை ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கட்டும்" என்கிறார். இன்னொருவர் உடனே, "பாதிப் பேர் ஏழைகள். அவர்களால் எங்கே முடியும்?" என்கிறார். அதுவும் நியாயம்தானே?

அப்போது முதல் ஆள், கேப்டன் ஃபாய் என்பது அவர் பெயர், என்ன சொன்னார் தெரியுமா? "இருப்பதிலேயே ஏழையான பதினொரு பேரை என்னிடம் கொடுங்கள்." ஐயா, கவனியுங்கள். வசதியான பதினொரு பேரைக் கேட்கவில்லை. இருப்பதிலேயே ஏழை! "வாரா வாரம் அவர்கள் வீட்டுக்கு நான் போகிறேன். கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன். கொடுக்க முடியாவிட்டால் என் பணத்தோடு அவர்கள் பங்கையும் சேர்த்து நானே கொடுக்கிறேன்."

திரும்பச் சொல்கிறேன், பின்வரிசையில் இருக்கிற தாய்மார்களும் கேட்க வேண்டும். இருப்பதிலேயே ஏழையான பதினொரு பேரை, என்னிடம் கொடுங்கள்!

அப்படிப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பொறுப்பாளர். பென்னி வாங்கத்தான் கதவைத் தட்டினார்கள். தட்டினால் உள்ளே என்ன? ஒரு வீட்டில் மனிதர் தவறான வழியில் போய்க்கொண்டிருக்கிறார். ஒரு வீட்டில் சண்டை. பொறுப்பாளர்கள் வந்து வெஸ்லியிடம் சொன்னார்கள். இதைத்தானே இத்தனை காலம் தேடினோம் என்று வெஸ்லிக்குப் பட்டது. மெதடிஸ்ட் சபைகளில் ஒரு பொறுப்பாளரின் கீழ் கூடுகிற சிறு குழுக்கள், அதாவது வகுப்புக் கூட்டங்கள், பிறந்தது இப்படித்தான். கடன் வசூலுக்குப் போட்ட திட்டம் ஐயா அது! காசு வாங்கப் போனவர்கள் கண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். தம்பி, காணிக்கைக் கணக்கைக் குறைத்துப் பேசாதீர்கள்.

நம் மண்ணுக்கும் வருகிறேன். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது, நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்பதுதான் கொள்கை. அதில் முன்நின்ற வேதநாயகம் அசரியா பிறந்தது வெள்ளாளன்விளையில். ஒய்.எம்.சி.ஏ. என்கிற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராக ஊர் ஊராக அலைந்து நிர்வாகம் பழகியவர், 1912இல் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். அவர் பழகிய நிர்வாகம் அவருடைய ஜெபத்தைக் குறைத்துவிட்டதா?

மணி அடித்துவிட்டார் அண்ணன். ஒரு நிமிஷம் கொடுங்கள் ஐயா.

ஆதித் திருச்சபைக்கே போங்கள். எருசலேமில் விதவைகளுக்குச் சாப்பாடு சரியாகப் போய்ச் சேரவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறையிட்டார்கள். அப்போஸ்தலர் பந்தி விசாரணைக்கென்று ஏழு பேரை ஏற்படுத்தச் சொன்னார்கள். ஏழு பேரும் கிரேக்கப் பெயர்க்காரர்கள்! முதல் பெயர் ஸ்தேவான். கல்லெறிபட்டு, எறிந்தவர்களுக்காக ஜெபித்துச் செத்த நம் முதல் இரத்தசாட்சி, விதவைகளின் தட்டில் சோறு விழுந்ததா என்று பார்க்க வைத்த ஆள் ஐயா!

எனக்குத் தெரிந்த ஒரு சபை, பெயர் வேண்டாம். ஓர் அம்மா. மகன் மஸ்கட்டில். வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்து படுத்துக் கிடந்தார். ஞாயிறுகள் போய்க்கொண்டே இருந்தன. மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று எல்லாரும் நினைத்தார்கள். மகன் ஓடி வந்தபோது அம்மா பேச்சை இழந்திருந்தார். அடக்கம் முடிந்து அவன் கேட்டது ஒரே வார்த்தை: "ஐயா, எங்கம்மாவைத் தேடி யாருமே வரலையா?"

அந்தப் போதகர் கல் நெஞ்சக்காரர் இல்லை. கல்லறைத் தோட்டத்திலேயே நின்று அழுதார். அறுநூறு குடும்பம், ஒற்றை மனிதர். அன்பு அவரிடம் நிறைய இருந்தது. பன்னிரண்டு வீட்டுக்கு ஓர் ஆள் என்று பிரித்துக் கொடுக்கத்தான் யாரும் இல்லை.

அம்மாமாரே, ஐயாமாரே, நீங்கள் உட்கார்ந்திருக்கிற வரிசையில் வழக்கமாக இருந்து இன்றைக்கு வராதவர் யார் என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் மட்டும் கையைத் தூக்குங்கள். நடுவர் ஐயா, தீர்ப்பு எழுதுமுன் அந்தக் கைகளை எண்ணிக்கொள்ளுங்கள். நன்றி.