வெள்ளத்தில் வந்த சுறா

நேயர்களுக்கு வணக்கம். கைபேசியில் வரும் படங்களும் செய்திகளும் உண்மையா என்று சரிபார்க்கப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? அதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

வெள்ளம் சூழ்ந்த நெடுஞ்சாலை. கார் சன்னலுக்கு வெளியே ஒரு சுறா நீந்திப் போகிறது. இந்தப் படம் உங்கள் கைபேசிக்கும் வந்திருக்கலாம். 2011இல் ஐரீன் புயலின்போது போர்ட்டோ ரிக்கோவில் எடுத்தது என்று பரவியது. 2017இல் ஹார்வி புயல் வந்தபோது அதே சுறா ஹூஸ்டன் நகரச் சாலைக்குப் போய்விட்டது! சுறா என்னவோ நிஜம்தான். தென்னாப்பிரிக்கக் கடலில் ஒரு சிறு படகின் பின்னால் வந்த சுறாவைத் தாமஸ் பெஷாக் என்ற புகைப்படக் கலைஞர் எடுத்திருந்தார். அந்தச் சுறாவை மட்டும் வெட்டி, சாலைத் தண்ணீரில் ஒட்டிவிட்டார்கள்.

கதை இதோடு முடியவில்லை. 2022இல் இயன் புயல். ஃபுளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸ் பகுதியில், வீடுகளுக்கு நடுவே தேங்கிய வெள்ளத்தில் முதுகுத் துடுப்போடு ஒரு மீன் துள்ளும் காணொளி வந்தது. பழைய சுறா கதைதானே என்று பலர் தள்ளிவிட்டார்கள். செய்தி நிறுவனத்தார் அசல் கோப்பை வாங்கி, அதில் பதிவான நாளையும் நேரத்தையும் பார்த்தார்கள். காணொளி உண்மை! மீன் சுறாதானா என்பதில்தான் நிபுணர்கள் ஒருமித்துச் சொல்லவில்லை.

இந்த இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சந்தேகப்படுவது வேறு, சரிபார்ப்பது வேறு. வகுப்பில் பத்துப் பொய்ச் செய்திகளை வரிசையாகக் கொடுத்தால், பதினோராவதாக வரும் உண்மையையும் பொய் என்றுதான் சொல்வார்கள். அதனால் ஆறு செய்தி கொடுத்தால் மூன்று உண்மையாக இருக்கட்டும். எத்தனை பொய் என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள். விடைக்கு மதிப்பெண் வேண்டாம், ஆதாரத்துக்குக் கொடுங்கள். ‘இன்னும் தெரியவில்லை’ என்பதும் சரியான விடைதான்.

ஒரு படம் இதற்கு முன் எங்கே வந்தது என்று அந்தப் படத்தையே இணையத்தில் போட்டுத் தேடலாம். அதில் பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே போட்டுத் தேடுவார்கள். மேலே உள்ள எழுத்து, ஓரத்துக் கட்டம் எல்லாம் சேர்ந்து தேடலைக் குழப்பிவிடும். படத்தை மட்டும் வெட்டியெடுத்துத் தேட வேண்டும். கிடைக்கவில்லையா, இடம் வலம் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். திருப்பிப் பரப்புவது பழைய தந்திரம். டின்ஐ (TinEye) என்ற படத் தேடல் தளத்தில் பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்தலாம். சம்பவத்துக்கு முந்தைய தேதியில் படம் இருந்தால் முடிந்தது வேலை. ஒன்றுமே வரவில்லை என்றால் படம் உண்மை என்று ஆகிவிடாது. அதையும் சொல்லிக்கொடுங்கள்.

சரிபார்க்க வேண்டியது ஓர் இணையதளம் என்றால், அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து ‘எங்களைப் பற்றி’ படிப்பதில் பயன் குறைவு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வரலாற்றுப் பேராசிரியர்கள், மாணவர்கள், தகவல் சரிபார்ப்பவர்கள் மூன்று தரப்பையும் ஒப்பிட்டார்கள். பேராசிரியர்கள்கூடப் பக்கத்தின் தோற்றத்தில் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் உடனே வெளியேறி, அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று வேறு பக்கங்களில் தேடினார்கள்.

நேரம் நெருங்கிவிட்டது. செயற்கை நுண்ணறிவுப் படங்களைப் பற்றி விரிவாகப் பேச இருந்தேன். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். விரல்களை எண்ணிக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்லிக்கொடுக்காதீர்கள், அந்தப் பிழைகள் குறைந்துகொண்டே வருகின்றன. முதலில் வெளியிட்டது யார், அதே இடத்தில் வேறு யாராவது படம் எடுத்தார்களா என்று தேடச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.