சின்ன விளக்குக்கு ஏற்ற பவளம்

வணக்கம். நான் கொளத்தூர்வாசி. கொளத்தூர் என்றால் சென்னைக்காரர்களுக்கு உடனே வண்ணமீன்தான் ஞாபகம் வரும். விடியற்காலையில் எங்கள் பக்கம் பால் பாக்கெட் போகிற அதே நேரத்தில், ஆக்சிஜன் அடைத்த மீன் பாக்கெட்டும் வண்டியில் போகும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நான் வளர்ப்பது பவளம். 60 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, மேலே ஒரு சாதாரண எல்.இ.டி. விளக்கு. இவ்வளவுதான் என் சொத்து. இந்த மாதிரித் தொட்டியில் எந்தப் பவளம் பிழைக்கும், எது பிழைக்காது என்று பேசத்தான் வந்திருக்கிறேன்.

பவளம் செடியும் இல்லை, கல்லும் இல்லை. அது ஒரு பிராணி. ஆனால் அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சம் பட்டால் அந்தப் பாசி சமைக்கும், பவளம் சாப்பிடும். ஆக, தொட்டிக்கு மேல் எரிவது விளக்கு இல்லை, அடுப்பு. அடுப்பு சின்னதாக இருந்தால் பந்தியில் ஆளைக் குறைக்க வேண்டியதுதான். அதை விட்டுவிட்டு, விளக்கு சின்னது என்பதற்காகப் பதினாலு மணி நேரம் எரியவிடுகிறார்கள் சிலர். பவளம் வளராது, கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசிதான் பிடிக்கும். 8 மணி நேரம் போதும்.

உள்ளே எலும்பு மாதிரி கல் கட்டுகிற கல் பவளங்கள், அதிலும் கொம்பு கொம்பாகக் கிளைவிடுகிறவை, பெருந்தீனிக்காரர்கள். அவற்றுக்குப் பலமான வெளிச்சம் வேண்டும், தண்ணீரில் கால்சியம் குறையவே கூடாது. இன்னொன்றும் இருக்கிறது. கல் பவளங்கள் எல்லாமே 2001-லிருந்து நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடல் விசிறியும் அதே பட்டியல்தான். புலி இருக்கும் அட்டவணை அது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி தேசியப் பூங்கா அமைத்துக் காப்பாற்றுவதும் இந்தப் பவளத்தைத்தான். “சூரியப் பவளம் வாங்குங்க சார், அதுக்கு வெளிச்சமே வேணாம்” என்பார்கள். வெளிச்சம் வேண்டாம் என்பது உண்மைதான், ஆனால் அதற்கு நிறைய வாய், ஒவ்வொன்றாகத் தேடித் தேடி ஊட்ட வேண்டும். அதுவும் கல் பவளம்தான், அதே சட்டம்தான். தொட்டிக்குள் அடுக்கும் பாறைகூட, கடலிலிருந்து பெயர்த்த பவளக்கல்லாக இருக்கக் கூடாது. செயற்கையாகச் சுட்ட பீங்கான் பாறை போதும்.

சரி, பாக்கி என்ன இருக்கிறது? காளான் பவளம், கொத்துக் கொத்தாகச் சின்னப் பூ மாதிரி விரியும் ஜோவாந்தஸ், தோல் மாதிரி இருக்கும் லெதர் பவளம், பாய் மாதிரிப் படரும் பச்சை நட்சத்திரப் பாலிப். முதல் இரண்டும் அறிவியல் கணக்கில் பவளத்துக்குப் பங்காளி முறை. கடைக்காரருக்கு எல்லாமே பவளம்தான்.

என் கட்சி காளான் பவளம். முதன்முதலில் ஒன்று வாங்கி வந்தபோது, வெளிச்சம் குறைவுதானே என்று விளக்குக்கு நேர் கீழே, பாறை உச்சியில் உட்கார வைத்தேன். ஒரு வாரத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஒருநாள் காலையில் பார்த்தால் ஆளையே காணோம். செத்துக் கரைந்துவிட்டது என்று விட்டுவிட்டேன். ஒரு மாதம் கழித்து டார்ச் அடித்துத் தேடியது வேறு எதையோ. பாறைக்குப் பின்னால், அரை இருட்டில், குழிப்பணியாரம் அளவுக்கு விரிந்து உட்கார்ந்திருந்தது அது. பிடிக்காத இடத்தை விட்டுத் தானே கழன்று, தண்ணீர் ஓட்டத்தில் போய், பிடித்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து புதுப் பவளம் எது வந்தாலும் முதலில் தரையில்தான் வைக்கிறேன். அப்புறம் வாரத்துக்கு ஒரு படி மேலே.

ஜோவாந்தஸ் பார்க்கப் பூக்கோலம் மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் கூட்டத்தில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய விஷம் உண்டு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், துண்டு போட வெட்டும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அது ஒட்டியிருக்கும் பாறையை வெந்நீரில் கொதிக்கவைக்கவே கூடாது, ஆவியே ஆளைப் படுக்க வைத்துவிடும். லெதர் பவளம் அவ்வப்போது சில நாட்கள் மூடிக்கொண்டு, மேலே மெழுகு பூசியது போல ஆகும். தோல் உரிக்கிறது, அவ்வளவுதான்; தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பச்சை நட்சத்திரத்தைத் தனிப் பாறையில் வையுங்கள். இல்லாவிட்டால் வாடகைக்கு வந்தவர் வீட்டையே எழுதி வாங்கிக்கொண்ட கதைதான்.

கடையில் எல்லாம் நீல விளக்கில் தகதகவென்று மின்னும். வீட்டுக்கு வந்து வெள்ளை விளக்கில் பார்த்தால் பழுப்பு. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் புடவை எடுக்கும்போது வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிரித்துப் பார்ப்போமே, அதே மாதிரி கடைக்காரரை வெள்ளை விளக்கைப் போடச் சொல்லுங்கள். கடலில் எடுத்ததா, தொட்டியில் வெட்டி வளர்த்த துண்டா என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வாங்காதீர்கள்.

வெளிச்சத்தை விட நம் ஊரில் பவளத்தைக் கொல்வது சூடு. 25, 26 டிகிரி இருந்தால் நல்லது. கத்திரி வெயிலில் என் தொட்டி 32-ஐத் தொட்டுவிடும். சூடு தாங்காமல் பவளம் தன் பாசியை வெளியே துப்பி வெளுத்துப்போகும். 2016-ல் மன்னார் வளைகுடாவில் நடந்ததும் அதுதான். நான் தண்ணீர்ப் பரப்பின்மேல் ஒரு சின்ன ஃபேனை ஓடவிடுகிறேன். காற்றில் தண்ணீர் ஆவியாகும், சூடு இறங்கும். ஆனால் உப்பு ஆவியாகாது, அதனால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத் தினமும் ஊற்ற வேண்டும். கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

“காசிமேடு பக்கத்தில்தானே, ஒரு கேன் கடல்தண்ணி பிடிச்சுட்டு வந்தா என்ன?” என்று கேட்பார்கள். துறைமுகத் தண்ணீரில் படகு டீசலும் சேர்ந்தே வரும். வீட்டுக் கல்லுப்பும் உதவாது. கடல்நீர்த் தொட்டிக்கென்றே விற்கும் உப்பை லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் கலக்க வேண்டும். சென்னையில் கடல்நீரின் உப்பை எடுத்துக் குடிநீராக்கி அனுப்புகிறார்கள். அதை ஆர்.ஓ.வில் விட்டு, காசு கொடுத்து வாங்கின உப்பைத் திரும்பப் போட்டுக் கடலாக்குகிறேன் நான். என் வீட்டுக்காரம்மா இதைச் சொல்லாத விருந்தாளி இல்லை.

பாறைக்குப் பின்னால் ஒளிந்த அந்தக் காளான் இப்போது ஆறாகிவிட்டது. மாடி வீட்டுப் பையன் ஒன்று கேட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தரச் சொல்லியிருக்கிறான், ஆனால் அவன் தொட்டியில் உப்புத்தண்ணீர் ஊற்றி மூன்று நாள்தான் ஆகிறது. தொட்டி பழகட்டும், ஒன்றரை மாதம் கழித்து வா என்று அனுப்பிவிட்டேன்.