திறக்க வேண்டாத கூண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

அஸ்பராஜினேஸ் என்று ஒரு மருந்து. குழந்தைகளுக்கு வரும் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்குப் போடும் ஊசி. குப்பியின் அடியில் வெள்ளைத் தூளாக ஒட்டியிருக்கும். தண்ணீர் சேர்த்த பிறகு செவிலியர் அதைக் குலுக்க மாட்டார். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெல்ல உருட்டுவார். குலுக்கினால் நுரைக்கும், மருந்தும் கெடும். அது என்சைம், அதாவது புரதம். வெள்ளைக்கருவை அடித்து நுரைக்க வைத்தவர்களுக்குக் காரணம் புரியும்.

ரத்தத்திலுள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தை இது உடைக்கிறது. நம் செல்கள் பெரும்பாலும் அதைத் தாமே தயாரித்துக்கொள்ளும். அந்தப் புற்றுச் செல்களுக்கு அது போதிய அளவு முடியாது. பட்டினி கிடந்து சாகும்.

ஆனால் மருந்து வருவது ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து. உடல் அதை அந்நியனாகப் பார்க்கிறது. சில குழந்தைகளுக்குக் கடும் ஒவ்வாமை. ஒன்றேகால் நாளிலேயே பாதி காணாமல் போய்விடும். பெக் என்ற பாலிமரைப் போர்த்திய வகைக்கு 1994-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அது ஐந்து நாளுக்கு மேல் தாங்குகிறது. ஆனால் சிலரின் உடல் அந்தப் போர்வையையும் எதிர்க்கிறது.

சரி, வேறு வழி? மருந்தைப் புரதத்தாலேயே ஆன கூண்டுக்குள் வைப்பது. 80 டிகிரி வெப்பத்தில் செழிக்கும் தெர்மோடோகா மாரிடிமா என்ற பாக்டீரியா அப்படியொன்றைக் கட்டுகிறது. பெயர் என்கேப்சுலின். ஒரே புரதத்தின் 60 பிரதிகள் தாமாகவே கூடி 24 நானோமீட்டர் உருண்டையாகின்றன. வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டருக்கு நாற்பதாயிரம் பிடிக்கும்! எனக்குப் பிடித்தது அதன் வால் வித்தை: என்சைமின் கடைசியில் ஒரு சிறு அமினோ அமிலத் தொடரை ஒட்டிவிட்டால், கூண்டு கூடும்போதே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இதைச் சொன்னதும் மாணவர்கள் கேட்பது, "கூண்டு எப்போது திறக்கும்?" மாத்திரை உறை கரைவதைப் பார்த்துப் பழகியவர்களின் கேள்வி அது. அஸ்பராஜினேஸ் போன்ற மருந்துக்குக் கூண்டு திறக்கவே வேண்டாம். அதன் வேலை ரத்தத்தில்தானே! அஸ்பராஜின் சின்ன மூலக்கூறு. கூண்டின் சுவரிலுள்ள துளை வழியே வந்து போக முடிந்தால் போதும். புரதங்களை வெட்டும் பெரிய என்சைம்கள் வெளியிலேயே நிற்கும்.

துளை அளவுதான் தலைவலி. இயற்கையான துளை ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. ஓரத்திலுள்ள சில அமினோ அமிலங்களை நீக்கி அதை அகலப்படுத்தியும் பார்த்திருக்கிறார்கள். அப்புறம், கூண்டும் பாக்டீரியாப் புரதம்தான். அதையும் உடல் அந்நியனாகப் பார்க்கலாம். ஆகவே இப்போதைக்கு வார்டில் அந்தக் குப்பியை உருட்டத்தான் வேண்டும்.