தட்டுவது பாதி வேலை

நேயர்களுக்கு வணக்கம்.

குளிர் ஊரில் பிள்ளைகள் இருமுவது புதிதல்ல. ஆனால் மாதக்கணக்கில் விடாத இருமல், நன்றாகச் சாப்பிட்டும் ஏறாத எடை, எண்ணெய்ப் பசையோடு கெட்ட நாற்றமடிக்கும் மலம், முத்தம் கொடுத்தால் உப்புக் கரிக்கும் நெற்றி எல்லாம் சேர்ந்து வந்தால் 'வீசிங்', 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' (பிள்ளைகளுக்கு வரும் காசநோய்) என்று மருந்தை மாற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. வியர்வைப் பரிசோதனை தேவை. வியர்வையில் உப்பின் கூறான குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்றே பெரும்பாலும் பொருள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும். சொந்தத்தில் மணம் முடித்த குடும்பங்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

இந்த நோயில் செல்களின் வழியே உப்பும் நீரும் சரியாக நகர்வதில்லை. அதனால் நுரையீரல் சளி நீர் வற்றிப் பிசின்போல ஒட்டிக்கொள்கிறது. அதில் கிருமி குடியேறுகிறது. அந்தச் சளியை நாள்தோறும் இரண்டு வேளை, நெஞ்சிலும் முதுகிலும் தட்டி நகர்த்தி வெளியேற்றுவதுதான் நெஞ்சுப் பிசியோதெரபி. சளிக்காய்ச்சல் வந்தால் மூன்று, நான்கு வேளை. 'பிள்ளை சோர்ந்திருக்கிறதே' என்று அன்றைக்குத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அன்றுதான் அது அதிகம் தேவை.

வெறும் வயிற்றில், அல்லது சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யுங்கள். முதலில் மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலர், பிறகு மருத்துவர் எழுதிய உப்புநீரை நெபுலைசரில், அதாவது மருந்தைப் புகையாக்கித் தரும் கருவியில், அதன்பின் தட்டல். நெபுலைசரில் ஆன்டிபயாடிக் இருந்தால் அது கடைசியில். சளி மூடியிருக்கும்போது கொடுத்தால் மருந்து சளியின் மேலேயே படிந்துவிடும்.

கையைத் தண்ணீர் அள்ளுவதுபோலக் குழித்துக்கொள்ளுங்கள். பிள்ளை மெல்லிய பருத்திச் சட்டை போட்டிருக்கட்டும். ஸ்வெட்டர்மேல் தட்டினால் அதிர்வு உள்ளே போகாது. மணிக்கட்டு தளர்ந்திருக்க வேண்டும். 'பொத் பொத்' என்று கேட்டால் சரி. 'சளார்' என்று கேட்டால் கை தட்டையாகிவிட்டது, பிள்ளைக்கு வலிக்கும். முதுகெலும்பு, நடு நெஞ்செலும்பு, வயிறு, விலாவுக்குக் கீழே இடுப்புப் பக்கம், இங்கெல்லாம் தட்டவே கூடாது.

தட்ட வேண்டிய இடங்கள் இவை. மடியில் சாய்த்து உட்காரவைத்து, காறையெலும்புக்குக் கீழே. தலையணைமேல் முன்சாய்த்து, தோள்பட்டையின் மேற்பகுதியில். ஒருக்களித்துப் படுக்கவைத்து, அக்குளுக்குக் கீழே விலாவில். மறுபக்கமும் அப்படியே. பிறகு குப்புறப் படுக்கவைத்து, தோள்பட்டைக்குக் கீழே முதுகின் இரு புறமும். ஒவ்வொரு இடத்துக்கும் 3 முதல் 5 நிமிடம். 'தலைகீழாப் பிடிச்சாத்தானே சளி இறங்கும்' என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். முன்பு அப்படிச் செய்ததும் உண்டு. வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போகும் என்பதால் கைக்குழந்தைகளுக்கு இப்போது அதைச் செய்வதில்லை.

தட்டினால் சளி நகரும், அவ்வளவுதான். வெளியே கொண்டுவருவது 'ஹா'. உதகையில் விடியற்காலை பிள்ளைகள் வாயால் ஆவி விட்டு விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான், கொஞ்சம் வேகமாக. வாய் அகலத் திறந்திருக்க வேண்டும். மெழுகுவத்தி ஊதுவதுபோல உதட்டைக் குவித்தால் பயனில்லை. மூன்று, நான்கு முறை ஆழ்ந்து மூச்சிழுத்து, ஒவ்வொரு முறையும் 3 விநாடி நிறுத்தி விடச் சொல்லுங்கள். பிறகு நடுத்தர மூச்சு எடுத்து நீண்ட 'ஹா' ஒன்றோ இரண்டோ. சளி மேலே வந்து கரகரத்தால் பெருமூச்சு எடுத்துச் சட்டென்று ஒரு 'ஹா', ஓர் இருமல். இடையில் ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்தால் மூச்சுக்குழாய் இறுகி விசில் சத்தம் வரும். சின்னப் பிள்ளைக்குத் துப்பத் தெரியாது. விழுங்கினாலும் பரவாயில்லை. இருமலை அடக்கும் சிரப் மட்டும் வேண்டாம்.

நம் ஊர்ப் பழக்கங்கள் சிலவற்றையும் சொல்ல வேண்டும். நீலகிரித் தைலத்தை நெபுலைசரில் ஒரு சொட்டுக்கூட விடாதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அதுவே நிமோனியாவாகும். பிள்ளை அந்தத் தைலத்தை விழுங்கினால் விஷம். மூடிய அறைக்குள் கரிக் கணப்பும் வேண்டாம்.

நெபுலைசர் கோப்பையைக் கொதிக்க வைக்கலாம் என்று அதன் பெட்டியில் போட்டிருந்தால், சமவெளிக் கணக்கான 5 நிமிடத்தை இங்கே நம்பாதீர்கள். உதகை உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். நான் 10 நிமிடம் வைக்கச் சொல்வேன். மழை மாதங்களில் எதுவும் காய்வதில்லை. ஈரத்தோடு டப்பாவில் மூடினால் கிருமி வளரும். உதறி, சுத்தமான துண்டில் பரப்பி, முழுதும் காய்ந்த பிறகே எடுத்து வையுங்கள்.

சளியில் இரத்தக் கோடு தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு டீஸ்பூனுக்கு மேல் வந்தால் தட்டலை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மேட்டுப்பாளையம், கோவை என்று கீழே இறங்கும் நாளில் வெயிலில் வியர்வையோடு உப்பும் நிறைய வெளியேறும். மருத்துவர் சொன்ன அளவில் கூடுதல் உப்பும், ஒரு பாட்டில் ஓ.ஆர்.எஸ். கரைசலும் பையில் இருக்கட்டும். நன்றி, வணக்கம்.