ஆடுகளுக்கு என்ன லாபம்?

நண்பர்களே, 1966-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் பைன் ஸ்பிரிங்ஸ் என்ற, நவாஹோ பழங்குடி மக்களின் ஊருக்கு சால் வொர்த், ஜான் அடேர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் போனார்கள். நவாஹோ மக்கள் கையிலேயே கேமராவைக் கொடுத்துப் படமெடுக்கச் சொல்வது திட்டம். ஊர்ப் பெரியவர் சாம் யாசியிடம் விஷயத்தைச் சொன்னார்கள். படம் எடுத்தால் செம்மறி ஆடுகளுக்குக் கெடுதல் வருமா என்று கேட்டார் அவர். வராது என்றார்கள். சரி, நல்லது ஏதாவது நடக்குமா? அதுவும் இல்லை. அப்புறம் எதற்குப் படம்?

பல்கலைக்கழகத் திரைப்படப் பிரிவு என்றால் கேமராவும் ட்ரைபாடும் இரவல் தரும் இடம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது ஸ்டோர் ரூம் வேலை. பழங்குடி ஊருக்குக் கிளம்பும் ஆய்வாளரிடம் யாசியின் கேள்வியை முதலிலேயே கேட்டுவிடுவதுதான் அந்தப் பிரிவு செய்யக்கூடிய பெரிய உதவி.

எழுபதுகளில் ஆவணப்பட இயக்குநர்கள் சாரா எல்டரும் லெனார்ட் கமர்லிங்கும் அலாஸ்கா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அப்படித்தான் வேலை செய்தார்கள். எதைப் படமெடுப்பது என்பதில் ஊருக்கும் பங்கு. வேண்டாம் என்று தடுக்கவும் ஊருக்கு உரிமை. யூக்கான் ஆறு பெரிங் கடலில் சேரும் பக்கத்தில் எம்மோனக் என்ற, யூப்பிக் பழங்குடி மக்களின் ஊர். அங்கே படமானது, மிஷனரிகள் ஒருகாலத்தில் ஒடுக்கப் பார்த்த ஆட்டம். ஆண்கள் முழந்தாளிட்டு, பெண்கள் பின்னால் நின்று, கையில் விசிறியோடு ஆடுவார்கள். வளையத்தில் இழுத்துக் கட்டிய அகலமான பறையை மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். அடைத்த கூடத்தில் அத்தனை பறையும் சேர்ந்து முழங்கினால் பாட்டின் சொல் அமுங்கிப்போகும். மைக்கை எங்கே வைப்பது என்று தெரிந்த ஆள் உடன் இல்லாவிட்டால் ஆய்வாளருக்குச் சத்தம்தான் மிஞ்சும். படம் வெளிவந்தது 1988-ல்; 2006-ல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ஏறியது. மானியம் தருகிறவர்கள் இந்த இடைவெளியைக் கொஞ்சம் கவனிக்கலாம்!

எடுத்தது யாரிடம் இருக்கும், யார் பார்க்கலாம்? ஆஸ்திரேலியாவின் டெனன்ட் க்ரீக்கில் வாருமுங்கு பழங்குடி மக்களோடு சேர்ந்து உருவான முகுர்ட்டு என்ற மென்பொருளில் அந்த விதிகளைச் சமூகமே வைத்துக்கொள்ளலாம். நம் துறைகளில் படப்பிடிப்புக்கு பட்ஜெட் போடுகிறோம். ஊருக்குப் பிரதி கொடுக்கவும், போட்டுக் காட்டிக் கருத்துக் கேட்கவும், அவர்கள் வேண்டாம் என்ற காட்சியை வெட்டி மறுபடி எடிட் செய்யவும் அதில் ஒரு வரி இருக்கிறதா? அடுத்த விண்ணப்பத்தில் அதைச் சேர்த்துவிட்டு, பிறகு கேமரா கேட்டு வாருங்கள்.