சோதோமின் பாவம் எது? தன்பாலீர்ப்பும் வேதாகமமும்

வணக்கம் நண்பர்களே. ஆதியாகமத்தில் வரும் சோதோம் என்ற ஊர் ஏன் அழிந்தது? கிறிஸ்தவர்கள் பலரைக் கேட்டால் யோசிக்காமலே பதில் வரும்: ஆணோடு ஆண் சேர்ந்த பாவத்துக்காக. இதே கேள்விக்கு வேதாகமத்துக்குள்ளேயே ஒரு தீர்க்கதரிசி பதில் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பதிலை வாசித்த பிறகு, சோதோமைப் பிரசங்கிக்கிற பலர் தங்கள் குறிப்புகளைத் திருத்தி எழுதவேண்டியிருக்கும். கடைசிவரை பாருங்கள், பாதியில் நிறுத்திவிட்டு என்னோடு சண்டைக்கு வராதீர்கள்.

முன்னுரையை ஒரு மூச்சில் முடித்துவிடுகிறேன். இந்த விவாதத்தில் திரும்பத் திரும்ப எடுக்கப்படும் பகுதிகள் ஆறு: ஆதியாகமம் 19, லேவியராகமம் 18:22, 20:13, ரோமர் 1:26-27, 1 கொரிந்தியர் 6:9, 1 தீமோத்தேயு 1:10. யூதாவின் நிருபத்தில் வரும் ஒரு வசனத்தையும் சேர்த்தால் ஏழு. நான்கு சுவிசேஷங்களிலும் இயேசு இதைப் பற்றி நேரடியாக எதுவும் சொன்னதாகப் பதிவில்லை. அவ்வளவுதான். இப்போது சோதோமுக்கு வருவோம்.

(திரையில்: ஆதியாகமம் 18, 19)

தயவுசெய்து 19ஆம் அதிகாரத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஓர் அதிகாரம் பின்னால் போங்கள். வெயில் ஏறிய வேளையில் ஆபிரகாம் கூடாரவாசலில் உட்கார்ந்திருக்கிறார். முன்பின் தெரியாத மூன்று பேர் வருகிறார்கள். அவர் எதிர்கொண்டு ஓடுகிறார், தரைமட்டும் குனிகிறார், கால் கழுவத் தண்ணீர் கொடுக்கிறார், இளங்கன்றைத் தேர்ந்தெடுத்துச் சமைக்கச் சொல்கிறார், அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை மரத்தடியில் கூடவே நிற்கிறார். அதே நாள் மாலையில் சோதோமின் நுழைவாயிலில் ஆபிரகாமின் சகோதரன் மகனான லோத்து உட்கார்ந்திருக்கிறார். அவரும் எழுந்து, குனிந்து, அந்நியர்களை வருந்தி அழைத்துப்போய் விருந்து செய்கிறார். ஒரே காட்சியை எழுத்தாளர் இரண்டு முறை எழுதியிருக்கிறார். ஏன்? அடுத்து வரப்போகிற ஊர்க்காரர்களை இந்த இருவருக்கும் பக்கத்தில் நிறுத்திக் காட்டத்தான்.

வாலிபரிலிருந்து கிழவர்வரை ஊர் முழுவதும் வீட்டைச் சுற்றி வளைக்கிறது. வந்தவர்களை வெளியே விடு, நாங்கள் அவர்களோடு உறவுகொள்ளவேண்டும் என்கிறது. லோத்து தடுத்தபோது அவர்கள் சொல்லும் பதிலைக் கவனியுங்கள்: பிழைக்க வந்த பரதேசி நீ, எங்களுக்கு நியாயம் சொல்ல வந்துவிட்டாயா? அங்கே காதலும் இல்லை, இச்சைகூட முதன்மையாக இல்லை. வெளியூர்க்காரனை அவமானப்படுத்தி, நீ எங்கள் கையில்தான் இருக்கிறாய் என்று காட்டும் கும்பல் வன்முறை அது. இன்னொன்று, சோதோமுக்கு எதிரான கூக்குரல் ஆண்டவரிடம் எட்டிவிட்டதென்று 18ஆம் அதிகாரமே சொல்லிவிடுகிறது. பத்து நீதிமான்கள் இருந்தால் விட்டுவிடுவாரா என்று ஆபிரகாம் மன்றாடியதும் அந்த இரவுக்கு முன்பேதான். அந்த இரவு நடக்கும் முன்னரே வழக்கு தொடங்கிவிட்டது.

சந்தேகமா? நியாயாதிபதிகள் 19ஆம் அதிகாரத்தைத் திறங்கள். இடம் கிபியா. ஒரு லேவியன் தன் மறுமனையாட்டியோடு ஒரு கிழவனின் வீட்டில் தங்குகிறான். கும்பல் வந்து கதவைத் தட்டுகிறது, அதே கோரிக்கையை வைக்கிறது. இந்தமுறை அந்தப் பெண்ணை வெளியே தள்ளிவிடுகிறார்கள். கும்பல் ஏற்றுக்கொள்கிறது. இரவு முழுவதும் அவளைச் சிதைக்கிறது. விடிந்து கதவைத் திறந்தால் அவள் வாசலில் விழுந்து கிடக்கிறாள், கைகள் வாசற்படியின் மேல். இந்த அதிகாரத்தை வாசித்துவிட்டு, ஆண் பெண் உறவே பாவம் என்று எந்தப் போதகராவது பிரசங்கித்திருக்கிறாரா? இல்லையே! அப்படியானால் அதே அச்சில் வார்த்த சோதோம் கதைக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்?

இப்போது நான் சொன்ன தீர்க்கதரிசி.

(திரையில்: எசேக்கியேல் 16:49)

"கெர்வமும் ஆகாரத்திரட்சியும் நிர்விசாரமான சாங்கோபாங்கமும்" சோதோமின் அக்கிரமம் என்கிறார் எசேக்கியேல். சிறுமையும் எளிமையுமானவனுடைய கையை அவள் பலப்படுத்தவில்லை என்கிறார். திமிர், வயிறு நிறைந்த செழிப்பு, கவலையற்ற சுகவாழ்வு, ஏழைக்கு நீளாத கை. இயேசுவும் மத்தேயு 10இல் சோதோமைக் குறிப்பிடுகிறார், எந்த இடத்தில் தெரியுமா? தம் சீடர்களை ஏற்றுக்கொள்ளாமல் துரத்திவிடும் பட்டணத்தைப் பற்றிப் பேசும்போது!

எதிர்த்தரப்பு வாதத்தையும் முழுதாகச் சொல்கிறேன். எசேக்கியேலின் அடுத்த வசனத்தில் "அருவருப்பானது" என்று வருகிறது. யூதா 7இல் விபசாரமும் அந்நிய மாம்சத்தைத் தொடர்வதும் பேசப்படுகின்றன. முதலாம் நூற்றாண்டு யூத அறிஞர் ஃபைலோ, சோதோமை ஆண்-ஆண் உறவோடு வெளிப்படையாக இணைத்து எழுதினார். ஆகவே அந்த வாசிப்பு திடீரென்று முளைத்ததில்லை. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர், இப்படிப்பட்டவர்களால்தான் பஞ்சமும் பூகம்பமும் கொள்ளைநோயும் வருகின்றன என்று சட்டத்திலேயே எழுதினார். 1533இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் இங்கிலாந்து இதற்கு மரண தண்டனை விதித்தது. அங்கே இந்தக் குற்றத்துக்காகக் கடைசியாக இரண்டு பேர் தூக்கிலிடப்பட்டது 1835இல். கூட்டு வல்லுறவைக் கண்டிக்கும் ஒரு கதை, ஒருவரையொருவர் விரும்பிய இருவரின் கழுத்துக் கயிறு வரைக்கும் நீண்ட வரலாறு இது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது.

சரி, சோதோமை ஒதுக்கிவைத்தால் விவாதம் முடிந்துவிட்டதா? இல்லை. உண்மையான விவாதம் அங்கேதான் தொடங்குகிறது.

லேவியராகமம் ஆண்-ஆண் உறவைத் தடுக்கிறது, சுற்றி வளைத்துப் பேச ஒன்றுமில்லை. "இறாலையும்தானே அது தடுக்கிறது" என்று இந்த உறவை ஏற்பவர்கள் தரப்பில் சொல்லும் பதில் எனக்குப் பிடிக்காது. அது சோம்பேறி வாதம். அதே 18ஆம் அதிகாரம் நெருங்கிய உறவுக்குள் உடலுறவையும் குழந்தை பலியையும் தடுக்கிறது. அவற்றைக் கிறிஸ்தவர்கள் இன்றும் அப்படியே ஏற்கிறார்கள். 1 கொரிந்தியர், 1 தீமோத்தேயு இரண்டிலும் வரும் கிரேக்கச் சொல்லைப் பற்றி அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள், இன்று அதற்குள் போகவில்லை. ரோமர் 1? பவுல் விக்கிரக ஆராதனையின் விளைவாக இதைப் பேசுகிறார். ஆயுள் முழுவதும் உண்மையாக வாழும் இருவரை மனதில் வைத்து எழுதினாரா என்பது நியாயமான கேள்வி. ஆனால் பவுல் இதை அங்கீகரித்திருப்பார் என்று சொல்ல என் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. அதே பவுல், கேட்டுக்கொண்டிருப்பவர் தலையாட்டி முடிக்கும் முன்னரே, அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்தில் மற்றவரைத் தீர்ப்பவனை நோக்கித் திரும்பி, போக்குச் சொல்ல உனக்கு இடமில்லை என்கிறார். அதையும் சேர்த்தே வாசிக்கவேண்டும்.

பாரம்பரியத் தரப்பின் மிக வலுவான வாதம் இந்தத் தடை வசனங்களில் இல்லை, சிருஷ்டிப்பில் இருக்கிறது. ஆணும் பெண்ணுமாக அவர்களைச் சிருஷ்டித்தார், இருவரும் ஒரே மாம்சமாயிருப்பார்கள். இதை மத்தேயு 19இல் இயேசுவே எடுத்துச் சொல்கிறார். எபேசியர் 5 திருமணத்தைக் கிறிஸ்துவுக்கும் சபைக்கும் உள்ள உறவின் அடையாளமாக்குகிறது. இந்த வாசிப்பை மனதார நம்பி, தன்பாலீர்ப்போடு துறவு வாழ்க்கை வாழும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஏளனம் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் என்னை அசைத்தது இன்னொரு பாதை. உபாகமம் 23:1, விதை அடிக்கப்பட்டவன் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்கிறது. ஏசாயா 56, அதே அண்ணகர்களுக்கு, அதாவது ஆண்மை நீக்கப்பட்டவர்களுக்கு, ஆலயத்துக்குள்ளேயே இடமும், குமாரர் குமாரத்திகளுக்குரியதைவிட மேலான பெயரும் தருவேன் என்று ஆண்டவரின் வாக்காகச் சொல்கிறது. அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய மந்திரி வருகிறார். அவர் ஓர் அண்ணகர். இரதத்தில் உட்கார்ந்து எதை வாசிக்கிறார்? ஏசாயா 53. இன்னும் மூன்று அதிகாரம் புரட்டினால் அவருக்கான வாக்குறுதி! வழியில் தண்ணீரைக் கண்டதும், ஞானஸ்நானம் பெற எனக்கு என்ன தடை என்று கேட்கிறார். அவருக்கு இயேசுவைப் பற்றி விளக்கிய பிலிப்பு உபாகமத்தைத் திறந்து காட்டவில்லை, தண்ணீரில் இறங்குகிறார். அண்ணகரை வரவேற்றது உடலுறவு ஒழுக்கத்தை மாற்றியதாகாது என்று பாரம்பரியத் தரப்பு பதில் சொல்லும். அந்தப் பதிலில் நியாயம் உண்டு. ஆனாலும் வேதாகமம் தன் சொந்தத் தடையையே தாண்டி ஆட்களை உள்ளே அழைத்திருக்கிறது, அதைப் பார்த்த பிறகு கதவடைக்க எனக்குத் துணிவு வரவில்லை. தன்பாலீர்ப்புள்ள இருவர் இணையலாம் என்ற பக்கமே நான் சாய்கிறேன்.

சபைகள் ஒன்றுபட்டு நிற்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை உறவைப் பாவமென்றும், ஆட்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்கவேண்டுமென்றும் போதிக்கிறது, 2023 டிசம்பரில் வழிபாட்டுச் சடங்காக இல்லாமல் இணையர்களை ஆசீர்வதிக்க அனுமதித்தது. ஆர்த்தடாக்ஸ் சபைகள் மறுக்கின்றன. ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபை 2024இல் தன் தடைகளை நீக்கியது. புதிய ஏற்பாட்டு அறிஞர் ரிச்சர்ட் ஹேஸ் 1996இல் எதிர்த்து எழுதினார், 2024இல் தன் மகனோடு சேர்ந்து அந்த நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு எழுதினார்.

இதைப் பார்க்கும் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை இதை உங்களிடம் சொல்லியிருந்தால், "மாற்றிவிடுகிறோம்" என்று அழைப்பவர்களிடம் அனுப்பாதீர்கள். அந்த வேலையில் பெயர்பெற்ற எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1976இல் தொடங்கியது. தான் சந்தித்தவர்களில் மிகப் பெரும்பாலோரின் ஈர்ப்பு மாறவில்லை என்று அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸே ஒப்புக்கொண்டார், 2013இல் மன்னிப்புக் கேட்டார், அமைப்பும் மூடப்பட்டது. நீங்கள் எந்த வாசிப்பை ஏற்றாலும் பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும், ஜெபமும் சாப்பாடும் ஒன்றாகவே நடக்கட்டும்.

அடுத்த வீடியோவில் ரோமர் முதல் மூன்று அதிகாரங்களை வரிவரியாக எடுக்கிறேன். மாற்றுக்கருத்து இருந்தால் வசனத்தோடு கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றையும் வாசிப்பேன். ஆட்களை இழிவுபடுத்தும் பதிவுகள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் நீக்கிவிடுவேன்.